சாரணச் சிறுவர் சுற்றுலா: மகிழ்ச்சியும் பாதுகாப்பும்

கிராம முன்னேற்றம் என்று கூறியதும் சாலை, கிணறு, பள்ளிக் கட்டடம், பாசனக் கால்வாய் ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் அச்சாலையைப் பேணவும், அந்நீரைச் சண்டையின்றிப் பங்கிட்டுக்கொள்ளவும் போகிறவர்கள் இன்று பள்ளியில் பயிலும் சிறுவர் சிறுமியரே ஆவர். பலரோடு இணங்கி வேலை செய்வதையும், இடர் நேர்ந்தவிடத்துக் கலங்காமல் நிற்பதையும் அவர்கள் எங்கே கற்கிறார்கள்? வகுப்பறையில் ஓரளவு கற்கிறார்கள். விளையாட்டுத் திடலில் ஓரளவு கற்கிறார்கள். தம் மூட்டையைத் தாமே சுமந்து, தாமே வழி கண்டு, உடன் வருவோரையும் கவனித்துக்கொண்டு ஒரு நாள் வெளியே சென்று திரும்பும் பயணத்தில் மிகுதியாகக் கற்கிறார்கள்.

இத்தகைய பயணங்களைப் பற்றி நம் கிராமங்களில் இருவகை மனப்போக்கு உண்டு. எங்கேனும் ஓர் ஏரியில் ஒரு பிள்ளை மூழ்கியதாகச் செய்தி வந்தால், சிலர் ‘வெளியே அனுப்பவே வேண்டாம்’ என்று முடிவு செய்துவிடுகின்றனர். வேறு சிலர், ‘பிள்ளைகள்தானே, பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒரு வண்டியில் அறுபது பேரை ஏற்றி அனுப்பிவிடுகின்றனர். முன்னவர் செயலால் பிள்ளைகள் உலகறிவை இழக்கின்றனர். பின்னவர் செயலால் ஈடு செய்யவே முடியாத இழப்பு நேரக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நல்வழி உண்டு. அதனை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

சாரண முறையின் அடிப்படை

1907-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் பேடன் பவல் என்னும் படைத்தலைவர் சுமார் இருபது சிறுவர்களைக் கொண்டு ஒரு முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். உலகெங்கும் பரவிய சாரண இயக்கத்துக்கு அதுவே வித்தாகும். நம் நாட்டில் 1916-ம் ஆண்டில் அன்னி பெசண்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனச் சாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். தனித்தனியே இயங்கி வந்த சங்கங்கள் இணைந்து, 1950-ம் ஆண்டு நவம்பர் 7-ம் நாள் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. அடுத்த ஆண்டில் சாரணியரும் அதில் சேர்ந்தனர்.

இம்முறையில் ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பேர் இருப்பர். அணித்தலைவனுக்கு ஒரு பொறுப்பு உண்டு. மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஒருவன் முதலுதவிப் பெட்டியைச் சுமப்பான். ஒருவன் தண்ணீரைக் கவனிப்பான். ஒருவன் வழிப்படம் வரைவான். ஒருவன் நேரம் பார்ப்பான். வேலை இல்லாத பிள்ளை சலிப்படைகிறது. சலிப்படைந்த பிள்ளை கூட்டத்தை விட்டு விலகுகிறது. விலகிய பிள்ளைக்கே ஆபத்து நேர்கிறது. தனக்கென ஒரு வேலை உடைய பிள்ளையோ மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, கண்பார்வையிலும் இருக்கிறது. ஆகவே, மகிழ்ச்சிக்கென ஓர் ஏற்பாடும் பாதுகாப்புக்கென வேறோர் ஏற்பாடும் தேவையில்லை. ஒரே ஏற்பாடு இரண்டையும் தருகிறது. இக்கட்டுரையில் நாம் கூற விரும்பும் செய்தி இதுவே. சாரணப் படை இல்லாத ஊரிலும் இந்த அணி முறையைக் கையாளலாம்.

பருவத்தைத் தேர்தல்

நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். பாறைகள் வழுக்கும், ஓடைகளில் திடீரென வெள்ளம் வரும். சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில் பாறையைக் கொதிக்கச் செய்யும். தை பிற்பகுதியும் மாசி மாதமும் ஏற்ற காலம். காலைக் குளிர்ச்சி இருக்கும். வலசை வரும் பறவைகளையும் காணலாம். சம்பா அறுவடை நடைபெறும் நாட்களில் வீட்டு வேலைக்குப் பிள்ளைகள் தேவைப்படக்கூடும். எனவே ஊரில் அறுவடை முடியும் தறுவாயைக் கேட்டறிந்து நாள் குறிப்பது நலம். ஜனவரி 26-ம் நாள் நடைபெறும் கிராம சபையில் பயணத் திட்டத்தைப் படித்துக்காட்டி, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை புறப்படலாம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு உதவும்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அம்மாதங்களில் ஏரிகளும் குளங்களும் நிறைந்திருக்கும். இதனைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

இடத்தைத் தேர்தல்

தொலைவில் உள்ள ஊர்தான் சிறந்தது என்று எண்ணவேண்டியதில்லை. ஒரு மணி நேரப் பயணத்தில் சென்றடையக்கூடிய அரிய இடங்கள் நம் மாவட்டத்திலேயே பல உள்ளன.

திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கிலோமீட்டர் தொலைவில் செஞ்சி உள்ளது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்து எழுப்பிய கோட்டை அது. 1677-ம் ஆண்டில் சிவாஜி அதைக் கைப்பற்றினார். தேசிங்கு ராஜன் 1714-ம் ஆண்டில் போரில் மாண்டதும் இவ்விடத்து வரலாறே. மராட்டியர் தொடர்புடைய பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் 2025-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழிப்பக்கத்தில் மண்டகப்பட்டு உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி இக்கோயில் அமைக்கப்பட்டது என்று கூறும் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் கல்வெட்டு அங்குள்ள குடைவரைக் கோயிலில் இருக்கிறது. வானூர் வட்டத்துத் திருவக்கரையில், சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மண்ணில் புதைந்து கல்லாக மாறிய மரங்களைக் காணலாம். மரக்காணத்தை அடுத்த கழுவேலி, கடல் நீரும் மழை நீரும் கலக்கும் பரந்த நீர்ப்பரப்பு. 2021-ம் ஆண்டில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

எவ்வயதினருக்கு எவ்விடம் என்பதையும் பார்க்கவேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட குருளையருக்குத் திருவக்கரையும் மண்டகப்பட்டும் ஏற்றவை. சுமார் 240 மீட்டர் உயரமுள்ள ராஜகிரியின் உச்சி அவர்களுக்கு உரியதன்று; பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட உடல்நலமுள்ளோர்க்கே அது பொருந்தும். ஒரே நாளில் மூன்று இடங்களைக் காட்டிவிட முயல்வதும் தவறு. பாதி நாள் வண்டியிலேயே கழியும், அவசரம் பிறக்கும், அவசரத்தில் எண்ணிக்கை தவறும்.

முன்சென்று பார்த்தல்

பொறுப்பாளர் ஒருவர் இரு வாரங்களுக்கு முன்னரே அவ்விடத்துக்குச் சென்று, பிள்ளைகள் நடக்கப்போகும் வழியைத் தாமும் நடந்து பார்க்க வேண்டும். குடிநீர் எங்கே கிடைக்கும், கழிப்பறை எங்குள்ளது, நிழல் எங்குள்ளது, ஆழமான நீர் எங்குள்ளது, எவ்விடத்தில் கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை, அருகிலுள்ள அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம் என்னும் ஆறு வினாக்களுக்கு விடை எழுதி வரவேண்டும். செஞ்சிக் கோட்டையில் மலையேற நேர வரம்பு உண்டு. அதனையும் கேட்டறிய வேண்டும். தொல்லியல் துறையின் இத்தகைய இடங்களில் 15 வயது வரையுள்ள சிறுவர்க்குக் கட்டணம் இல்லை என்பதால், பள்ளி அடையாளச் சீட்டுகளை உடன் கொண்டுசெல்வது நன்று.

அணியும் எண்ணிக்கையும்

எடுத்துக்காட்டாக, 24 பிள்ளைகள் செல்வதாகக் கொள்வோம். எட்டுப் பேர் கொண்ட மூன்று அணிகள் ஆகும். அணிக்கு ஒரு பெரியவர் வீதம் மூவரும், எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென ஒருவரும், ஆக நான்கு பெரியவர்கள் வேண்டும். சிறுமியர் செல்வதாயின் அவர்களுள் இருவரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் தனித்திருக்கலாகாது என்பதைக் கட்டாய விதியாகக் கொள்ள வேண்டும். இது யாரையும் ஐயுறுவதற்கன்று. பிள்ளைகளையும் பொறுப்பாளரையும் ஒருங்கே காப்பதற்கு ஆகும்.

அணிக்குள் இருவர் இருவராக இணை சேர்க்க வேண்டும். தன் இணை எங்கே என்று எப்போது கேட்டாலும் ஒவ்வொருவரும் உடனே காட்டவேண்டும். வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும், உணவுக்கு முன்னும் பின்னும், மலையேறும் முன்னும் இறங்கிய பின்னும் அணித்தலைவன் தன் அணியை எண்ணி, ‘எட்டுப் பேரும் சரி’ என்று உரக்கக் கூறவேண்டும். பெரியவர் ஒருவர் அதனைத் தாளில் குறிக்க வேண்டும். நடக்கும்போது மெல்ல நடப்பவர் முன்னே செல்லட்டும். விரைந்து நடப்பவர் பின்னே வரட்டும். அப்போது வரிசை அறுந்துபோகாது.

மூன்று ஊதல்கள் ‘எல்லோரும் கூடுக’ என்பதற்கு அடையாளம் என முன்னரே பழக்கவேண்டும். வழி தவறியவன் அங்குமிங்கும் ஓடாமல், தான் இருக்கும் இடத்திலேயே நிழலில் நிற்கவேண்டும் என்பதையும் சொல்லித்தர வேண்டும். நிற்பவனைத் தேடுவது எளிது. ஓடுபவனைத் தேடுவது கடினம்.

அணிகளைப் பிரிக்கும்போது தெருவாரியாகப் பிரித்தலாகாது. ஊரும் காலனியும் ஒரே அணியில் கலந்திருக்கவேண்டும். ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு, ஒரே கயிற்றைப் பிடித்து ஏறிய பிள்ளைகள் நாளைக்கு ஒரே பஞ்சாயத்தில் அமரும்போது அதன் பயனை நாம் காண்போம்.

வண்டிப் பயணம்

2022-ம் ஆண்டு அக்டோபர் 5-ம் நாள் இரவு, கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து வடக்கஞ்சேரிக்கு அருகில், உதகைக்கு மாணவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து, முன்னே சென்ற அரசுப் பேருந்தின்மீது மோதியது. 5 மாணவரும் ஓர் ஆசிரியரும் உட்பட 9 பேர் மாண்டனர். இரவு நேரத்தில் விரைந்து சென்றுகொண்டிருந்த வண்டி அது. இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் தெளிவானது. புறப்பாடும் திரும்புதலும் பகலிலேயே அமையவேண்டும். இருக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் ஏற்றலாகாது. டிராக்டர்ப் பெட்டியிலும் சரக்கு வண்டியிலும் பிள்ளைகளை ஏற்றவே கூடாது. ஓட்டுநரின் உரிமம், வண்டியின் தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றைப் பார்த்த பின்னரே வாடகை பேசவேண்டும். பெருஞ்சாலையில் இறங்க நேர்ந்தால், சாலையின் இடப்புறமாகவே இறங்கி, பெரியவர் நின்று கைகாட்டிய பின்னரே கடக்கவேண்டும்.

விழுப்புரம் பெரிய இரயில் சந்திப்பு. திண்டிவனமும் சென்னைப் பாதையில் உள்ளது. இவ்விரு ஊர்களுக்கு இடையே மட்டும் பயணம் என்றால் இரயிலே சிறந்தது. இரயிலைக் காணாத பிள்ளைகளுக்கு அதுவே ஒரு சுற்றுலாவாகும்.

தண்ணீரும் கட்டுச்சோறும்

ஓர் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எனக் கணக்கிடலாம். 28 பேருக்கு 84 லிட்டர் ஆகிறது. ஒவ்வொருவரும் ஒரு லிட்டர்ப் புட்டியைக் கையில் கொள்வர். மிச்சமுள்ள 56 லிட்டருக்கு, 20 லிட்டர் கொள்ளும் கேன்கள் மூன்று போதும். மலையேறும்போது பெரியவர்கள் கூடுதலாக இரண்டு லிட்டர் வீதம் சுமக்கவேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அரைமணிக்கு ஒருமுறை எல்லோரும் சில வாய் பருகவேண்டும்.

உணவை வீட்டிலேயே சமைத்துக் கட்டிக்கொண்டு செல்வது செலவையும் குறைக்கும், வயிற்றையும் காக்கும். திண்டிவனம் என்னும் பெயரே புளியங்காடு என்னும் பொருளுடையது. அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் புளிச்சோற்றின் சிறப்பை நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. காலையில் கட்டிய புளிச்சோறு பிற்பகல்வரை கெடாது. தேங்காய்ச் சட்னியும் சாம்பார்ச் சோறும் வெயிலில் விரைவில் கெட்டுவிடும், அவற்றைத் தவிர்க்கலாம். உண்ணும் முன் சோப்பினால் கைகழுவுதல் கட்டாயம். உண்ட இடத்தில் ஒரு தாளும் கிடக்கலாகாது. அணிக்கு ஒரு பை வீதம் கொண்டுசென்று குப்பையைத் திரும்ப எடுத்துவர வேண்டும்.

நீர்நிலைகளில் எச்சரிக்கை

1912-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ம் நாள், இங்கிலாந்தின் லேஸ்டவுன் கடற்கரைக்கு அருகில் சாரணச் சிறுவர் சென்ற படகு திடீர்க் காற்றில் கவிழ்ந்து 9 சிறுவர் மாண்டனர். பெரியவர்களும் அப்படகில் உடன் இருந்தனர். 2024-ம் ஆண்டு ஜனவரி 18-ம் நாள் குஜராத் மாநிலத்து வடோதராவின் ஹர்ணி ஏரியில், பள்ளிச் சுற்றுலா சென்ற 12 மாணவரும் 2 ஆசிரியைகளும் படகு கவிழ்ந்து உயிரிழந்தனர். அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர்; மிதவைச் சட்டை எல்லோருக்கும் தரப்படவில்லை. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியிலும் தண்ணீரின் இயல்பு மாறவில்லை.

ஆகவே சுற்றுலா நாளில் குளியல் இல்லை, படகு இல்லை என்று திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். செஞ்சிக் கோட்டையினுள் உள்ள குளங்கள், மரக்காணத்துக் கடல், நிறைந்திருக்கும் ஏரிகள், மழை நீர் தேங்கிய கல் குவாரிகள், கைப்பிடிச் சுவரற்ற வயற்கிணறுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இவ்விதி பொருந்தும். மண் எடுத்த ஏரியில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆளை மூழ்கடிக்கும் பள்ளமாக இருக்கக்கூடும். நீச்சல் கற்பது நல்லது. அதனை வேறொரு நாளில், ஆழம் தெரிந்த இடத்தில், பயிற்றுவோர் முன்னிலையில் கற்பிக்கலாம்.

ஒருவேளை யாரேனும் தவறி விழுந்துவிட்டால், உடன் வந்த பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கலாகாது. ஒருவரைக் காக்கச் சென்று மூவர் மாள்வது நாம் அடிக்கடி கேள்விப்படும் துயரம். கரையில் நின்றபடியே கயிறு, கழி, வேட்டி அல்லது புடைவையை வீசவேண்டும். இறுக மூடிய வெறும் தண்ணீர்க் கேனும் மிதந்து ஆளைத் தாங்கும். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுதல் கூடாது. மூச்சு இல்லையெனில், பயிற்சி பெற்றவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்தும் சிகிச்சையைத் தொடங்க, மற்றொருவர் 108-ஐ அழைக்கவேண்டும். இப்பயிற்சியைப் பெற்ற ஒருவரேனும் பெரியவர்களுள் இருத்தல் வேண்டும்.

மலையில் கவனிக்கவேண்டியவை

வெயில்: காலை எட்டரைக்குள் ஏறத் தொடங்கி, பதினொரு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். தலையில் துண்டோ தொப்பியோ இருக்கட்டும். ஒருவருக்குத் தலை சுற்றினால் நிழலில் படுக்கவைத்து, ஈரத் துணியால் உடலைத் துடைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் (இரண்டும் தலைதட்டிய அளவு) கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்கு. உடலில் நீர் ஊற்றிக் குளிரச் செய்துகொண்டே மருத்துவமனைக்கு விரையவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது.

தேனீ: குன்றுகளின் செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டும். கல்லெறிதல், புகையிடுதல், கூச்சலிடுதல் ஆகியவை கூடா. தேனீக்கள் கிளம்பினால் தலையைத் துணியால் மூடிக்கொண்டு விலகி ஓடவேண்டும்; தண்ணீரில் குதிக்கலாகாது.

குரங்கு: உணவைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கலாகாது. குரங்கு பையைப் பற்றினால் பையை விட்டுவிடுக. பையை மீட்கப்போய்க் கடிபட வேண்டாம். கடித்தாலோ பிறாண்டினாலோ அவ்விடத்தைச் சோப்பினால் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போடவேண்டும்.

பாம்பு: புதர்களிலும் பாறை இடுக்குகளிலும் கைவிடலாகாது. கடித்துவிட்டால் இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் எல்லாம் தவறு. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிச் சென்று, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

ராஜகிரியின் உச்சிக்கு அருகே ஒரு பாறைப் பிளவும் அதன்மேல் ஒரு பாலமும் உள்ளன. அங்கே ஒருவர்பின் ஒருவராகவே செல்லவேண்டும். மதில்மேல் ஏறிப் படம் எடுத்தல் கூடாது.

மகிழ்ச்சிக்கு வழி

பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு கூறியபின், பிள்ளைகள் எதற்காக வருகிறார்கள் என்பதையும் நினைவுகொள்வோம். நீண்ட சொற்பொழிவு அவர்களுக்கு வேண்டாம். செய்து பார்க்க ஏதேனும் வேண்டும்.

செஞ்சியில் பெரிய நெற்களஞ்சியம் உள்ளது. அதன் நீள அகலத்தை அடியால் அளந்து, ‘இதில் எத்தனை மூட்டை நெல் கொள்ளும்?’ என்று அணிகளுக்குள் போட்டி வைக்கலாம். உழவர் வீட்டுப் பிள்ளைகள் இக்கணக்கில் காட்டும் ஊக்கத்தை நேரில் கண்டால்தான் தெரியும். கல்யாண மகாலின் உயரத்தை ஏறாமலே அளக்கச் செய்யலாம். 1 மீட்டர்க் கோலின் நிழல் 50 சென்டிமீட்டர் இருக்கும்போது ஒரு மரத்தின் நிழல் 6 மீட்டர் இருந்தால், மரத்தின் உயரம் 12 மீட்டர். இதே முறையைக் கட்டடத்துக்கும் கையாளலாம்.

மண்டகப்பட்டில், ‘செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு நான்கும் இல்லாமல் எவ்வாறு ஒரு கோயில் கட்டுவீர்கள்?’ என்று முதலில் கேட்டு, விடையைக் குன்றுக்குள்ளேயே காணச் செய்யலாம். திருவக்கரையில், மரம் எது கல் எது என்று கண்ணால் பார்த்துக் கண்டறியச் சொல்லலாம். அங்கிருந்து ஒரு துண்டைக்கூட எடுத்துவருதல் ஆகாது. கழுவேலியில் எத்தனை வகைப் பறவைகளைக் கண்டோம் என்று அணிதோறும் பட்டியல் எழுதலாம். அங்கே அமைதியாக இருப்பதே விளையாட்டின் விதி.

உணவுக்குப்பின் சாரணர் விரும்பும் ‘கிம்’ விளையாட்டை ஆடலாம். ஒரு துணிக்கடியில் இருபத்துநான்கு சிறு பொருள்களை வைத்து, ஒரு நிமிடம் மட்டும் திறந்துகாட்டி மூடிவிட வேண்டும். நினைவிலிருந்து மிகுதியாக எழுதும் அணி வென்றதாகும்.

ஒரு நாள் திட்டம்

திண்டிவனம் வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து செஞ்சிக்குச் செல்ல ஒரு மாதிரித் திட்டம் வருமாறு:

காலை 6-00: பஞ்சாயத்து அலுவலகத்தில் கூடுதல், எண்ணிக்கை, பைகளைப் பார்வையிடல்.
6-30: புறப்பாடு.
7-45: கோட்டையை அடைதல், சிற்றுண்டி.
8-30: மூத்தவர் மலையேறுதல், இளையவர் கீழ்க்கோட்டையைப் பார்த்தல்.
11-00: எல்லோரும் கீழே கூடுதல், எண்ணிக்கை, நிழலில் ஓய்வு.
12-30: உணவு.
1-30: களஞ்சியக் கணக்கு, நிழல் அளவு, ‘கிம்’ விளையாட்டு.
3-00: குப்பை அகற்றல், எண்ணிக்கை, புறப்பாடு.
4-30: ஊர் சேர்தல், பெற்றோரிடம் ஒப்படைத்தல்.

திட்டத்தில் அரைமணி மிச்சம் இருக்குமாறு அமைப்பது எப்போதும் நலம்.

பெற்றோரும் பஞ்சாயத்தும்

ஒவ்வொரு பெற்றோரிடமும் எழுத்தால் ஒப்புதல் பெறவேண்டும். அத்தாளில் பிள்ளையின் பெயர், வயது, பெற்றோரின் தொலைபேசி எண், இழுப்பு, வலிப்பு, ஆஸ்துமா போன்ற நோய்கள், ஒவ்வாத மருந்து ஆகியவை இருக்கட்டும். ஒரு படி பொறுப்பாளரிடமும் ஒரு படி ஊரிலும் இருக்கவேண்டும். எழுதப்படிக்க அறியாத பெற்றோர்க்கு வாய்ப்படப் படித்துக்காட்டி ஒப்புதல் பெறுக.

வண்டிக்கட்டணம் தர இயலாத வீட்டுப் பிள்ளை பின்தங்கலாகாது. செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதைவிட, இயன்றவர் இயன்றதைத் தரும் பொது உண்டியல் வைப்பது நன்று. யார் எவ்வளவு தந்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவேண்டியதில்லை. கணக்கை மட்டும் அடுத்த கூட்டத்தில் படிக்கவேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யக்கூடியன பின்வருமாறு:

1. பயணத் திட்டத்தைக் கூட்டத்தில் வைத்து, குறைகளைத் திருத்தி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல்.
2. உறுப்பினருள் ஒருவர், இயன்றால் ஒரு பெண் உறுப்பினர், உடன் செல்லுதல்.
3. ஊரில் தங்கும் ஒருவரைத் தொடர்பாளராக நியமித்தல். வண்டி தாமதித்தால் பெற்றோர்க்கு அவர் அறிவிப்பார்.
4. செல்லும் ஊரின் பஞ்சாயத்துக்கு முன்னரே தெரிவித்தல்.
5. அவசர ஊர்திக்கு 108, குழந்தைகள் உதவிக்கு 1098 என்னும் எண்களை ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடம் செய்வித்தல்.

மண்டகப்பட்டு, திருவக்கரை போன்ற காண்போர் வரும் ஊர்களின் பஞ்சாயத்துக்களுக்கும் ஒரு கடமை உண்டு. குடிநீர்க் குழாய், தூய கழிப்பறை, ஏரிக்கரையில் ஆழத்தைக் காட்டும் எச்சரிக்கைப் பலகை ஆகிய மூன்றும் இருந்தால், வரும் பிள்ளைகள் நலமாகத் திரும்புவர். அப்பலகை உள்ளூர்ப் பிள்ளைகளையும் ஆண்டு முழுவதும் காக்கும்.

திரும்பி வந்த வாரத்தில் அணித்தலைவர்கள் பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு வந்து, கண்டவற்றையும் நேர்ந்த குறைகளையும் தாமே எடுத்துரைக்கட்டும். யார் காலில் முள் தைத்தது, எங்கே தண்ணீர் போதவில்லை, எவ்விடத்தில் எண்ணிக்கை தவறிப் பின்னர் சரியாயிற்று என்பன எல்லாம் அடுத்த பயணத்துக்குப் பாடங்கள். பெரியவர்கள் முன்னிலையில் எழுந்து நின்று கணக்கும் குறையும் கூறப் பழகிய பிள்ளை, பின்னாளில் கிராம சபையில் வாய்மூடி இராது.

‘ஆயத்தமாயிரு’ என்பது சாரணரின் குறிக்கோள். அது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. அவர்களை அனுப்பும் ஊருக்கும் உரியது. வரும் தை மாதத்திற்குள் நம் பஞ்சாயத்துக்கள் ஒவ்வொன்றும் இத்தகைய ஒரு பயணத்துக்குத் திட்டம் வகுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். காலையில் எண்ணி அனுப்பிய 24 பிள்ளைகளையும் மாலையில் எண்ணிப் பெற்றுக்கொள்வோமாக.